வாழப்பாடிக்கு ‘கேட்’, ஏத்தாப்பூருக்கு ‘ரோடு’: சேலம்–விருத்தாசலம் பாதையைப் படிக்கும் முறை

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால், அந்தப் பாதையின் வரலாற்றில் பாதி அதிலேயே இருக்கிறது. சேலம் ஜங்ஷன், சேலம் டவுன், சேலம் மார்க்கெட், அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி கேட், ஏத்தாப்பூர் ரோடு, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் என்று போகும். ஒரே ஊருக்கு மூன்று ஸ்டேஷன். வாழப்பாடிக்கு இருப்பது ‘கேட்’, ஏத்தாப்பூருக்கு இருப்பது ‘ரோடு’.

ரயில்வேக்காரர்கள் ஒரு ஸ்டேஷனுக்கு ‘ரோடு’ என்று பெயர் வைத்தால், ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலை இங்கே இருக்கிறது என்று பொருள். ‘கேட்’ என்றால் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்திலேயே வண்டி நின்று, அந்த இடத்துக்கு அதுவே பெயராகிவிட்டது என்று பொருள். பாதை போட்டவர்கள் ஊரைத் தேடிப் போகவில்லை. மட்டம் கிடைக்கும் நிலத்தைத் தேடிப் போனார்கள்.

இந்தப் பாதை மீட்டர் கேஜாக, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர் அகலத்தோடு பிறந்தது. 2007-ல் அகலம் கூடிய பிராட் கேஜாக மாறியது, பிறகு மின்மயமும் ஆகிவிட்டது. தண்டவாளம், அதன் அடியில் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டை, ஜல்லி, பாலத்து கர்டர், சிக்னல், பிளாட்பாரம் என்று ஒன்றுவிடாமல் மாற்றியாகிவிட்டது. மாறாமல் நிற்பது தரையில் பாதை ஓடும் அந்தக் கோடு மட்டும்தான். அலைன்மென்ட் என்பார்கள். எந்த வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார், சேலத்துக்குள் எந்த கேட்டில் நாம் வண்டியை அணைத்துவிட்டு நிற்கிறோம், கள்ளக்குறிச்சிக்கு ஏன் இத்தனை வருடம் ரயில் இல்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

ஒரு ஊர், இரண்டு அகலம்

சேலத்துக்கு முதலில் வந்தது பிராட் கேஜ். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்ட மெட்ராஸ் ரயில்வே, அதே பாதையை ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை நோக்கி நீட்டியது. 1862-ல் அது கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பேப்பூரை எட்டியது. சென்னையையும் அரபிக்கடலையும் இணைப்பதுதான் அதன் நோக்கம். நடுவில் இருக்கும் ஊருக்குள் நுழைந்து வளைய அதற்குத் தேவையில்லை. சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கமாக லோக்கூர், டேனிஷ்பேட்டை வழியே இறங்கி வந்து, பழைய சேலத்துக்கு மேற்கே சூரமங்கலத்தில் ஸ்டேஷனை வைத்தது. ஜங்ஷனுக்கும் கடைவீதிக்கும் நடுவில் இன்றும் டவுன் பஸ் ஏறவேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

கிழக்கே போகும் பாதை வேறு குடும்பத்துப் பிள்ளை. விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில் மீட்டர் கேஜாக வந்தது. அதில் ஒரு ஸ்டேஷன் விருத்தாசலம். அங்கிருந்து மேற்கே சேலம் வரை தென்னிந்திய ரயில்வே போட்ட கிளைதான் நம் பாதை. ஜோலார்பேட்டைக்குத் தென்மேற்கே இருந்த பழைய மெட்ராஸ் ரயில்வே பாதைகளும் 1908-லேயே தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்துவிட்டன. ஆக, சேலத்தில் ஒரே கம்பெனி இரண்டு அகலத்தில் வண்டி ஓட்டியது. ஒன்று 1,676 மில்லிமீட்டர், மற்றொன்று 1,000 மில்லிமீட்டர். வடக்கே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் அங்கிருந்து ஓசூருக்கும் 762 மில்லிமீட்டர் நேரோ கேஜும் ஒரு காலத்தில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

அகலம் மாறும் இடத்தில் பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். சரக்கு அப்படிப் போகாது. ஒரு வேகனில் வந்த மூட்டைகளை இறக்கி எதிரே நிற்கும் வேகனில் ஏற்றவேண்டும். கொக்கி போட்டுத் தூக்கும்போது சாக்கு கிழியும், எடை குறையும், மழை வந்தால் நனையும். பிராட் கேஜ் வேகன் கொள்வது மீட்டர் கேஜ் வேகனுக்குள் அடங்காது என்பதால் கணக்கும் நேராகாது. ஒரு வேகன் காலியாக இன்னொன்று பாதியில் நிற்கும். லீ பஜாரை ஒட்டி சேலம் மார்க்கெட் ஸ்டேஷன் இருந்தும், மொத்த வியாபாரம் லாரிக்குப் போனதில் இந்தக் கை மாற்றும் வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. எல்லாப் பாதையையும் ஒரே அகலமாக்க 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தைத் தேவையாக்கியதும் இந்த நோவுதான்.

வசிஷ்ட நதி காட்டிய வழி

சேலம் கடல்மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விருத்தாசலம் 50 மீட்டருக்கும் கீழே. 140 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் ஏறத்தாழ 230 மீட்டர் இறக்கம். சராசரி பார்த்தால் 600 மீட்டருக்கு 1 மீட்டர். ரயிலுக்கு இது சொகுசான சரிவு. ஆனால் இது சராசரிதான், தொடக்கத்தில் அப்படி இல்லை. சேலத்துத் தண்ணீர் திருமணிமுத்தாற்றில் விழுந்து காவிரிக்குப் போகிறது. வாழப்பாடிப் பக்கத்துத் தண்ணீர் வசிஷ்ட நதியில் விழுந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நீர்ப்பிரிமேடு இருக்கிறது. சேலத்தை விட்டுக் கிழக்கே போகும் வண்டி முதலில் அதைத் தாண்டவேண்டும். அதற்குப் பிறகு ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்.

வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை. நடுவில் இருக்கும் ஆத்தூர் இடைவெளியில் சாலையும் ரயிலும் ஆறும் ஏறத்தாழ இணையாக ஓடுகின்றன. மலையைக் குடையவேண்டிய வேலை இல்லை. ஆனால் ஆற்றங்கரைப் பாதைக்கு வேறு தொல்லை உண்டு. இரு பக்கத்து மலையிலிருந்தும் இறங்கும் ஒவ்வொரு ஓடையும் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். பெரிய பாலங்கள் சில, சின்ன மதகுகளோ ஏராளம். வடகிழக்குப் பருவமழையில் ஆபத்து வருவது பெரும்பாலும் பெரிய பாலத்தில் அல்ல, இந்தச் சின்ன மதகுகளில்தான். மேலே ஒரு ஏரி உடைந்தால் ஒரு மணி நேரத்தில் வரும் தண்ணீர், ஒன்றரை மீட்டர் கண்ணுள்ள மதகுக்குள் அடங்காது. கரையின் ஒரு பக்கம் தேங்கி, மண்ணைக் கரைத்து, ஜல்லியை அடித்துக்கொண்டு போகும். மேலே தண்டவாளம் பார்வைக்குச் சரியாகவே தொங்கிக்கொண்டிருக்கும். மழைக்கால இரவுகளில் டார்ச்சோடு ரோந்து நடப்பவர் தண்டவாளத்தை மட்டும் பார்த்தால் போதாது, இரு பக்கத்துத் தண்ணீர் மட்டத்தையும் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து நின்றால் மதகு அடைபட்டிருக்கிறது. பாலத்தூண்களில் பெயின்டில் தீட்டியிருக்கும் அபாய மட்டக் கோடும், பாலத்தருகே கொட்டி வைத்திருக்கும் பாறாங்கல் குவியலும் இதற்கான ஏற்பாடுதான். அந்தக் கல்லை யாரோ மறந்து விட்டுப்போனதாக நினைக்கவேண்டாம்.

ஆற்றைப் பிடித்துப் போனதால் விட்டுப்போன ஊர்களும் உண்டு. கள்ளக்குறிச்சி வடக்கே ஒதுங்கி இருந்ததால் பாதை அதைத் தொடவே இல்லை. சின்னசேலத்திலிருந்து 16 கிலோமீட்டர் புதுப்பாதை என்ற திட்டம் பிறந்தது இதனால்தான்.

அகலத்தைக் கூட்டுவது என்றால் என்ன

கேஜ் மாற்றம் என்றதும் இரண்டு தண்டவாளத்தை 67 சென்டிமீட்டர் தள்ளிப் போடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பழைய பாதையைத் தோண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுப்பாதை போடுவதுதான் அது. மண்கரையிலிருந்து தொடங்கவேண்டும். மீட்டர் கேஜுக்குப் போதுமான கரை பிராட் கேஜுக்குக் குறுகல். இந்தப் பாதை மாறிய காலத்து விதிப்படி ஒற்றைப் பாதைக்கு மேல்பரப்பு குறைந்தது 6.85 மீட்டர் வேண்டியிருந்தது. பழைய கரையின் சரிவில் புது மண்ணை அப்படியே கொட்டினால் இரண்டும் ஒட்டாது. சில வருடத்தில் புது மண் தனியாக வழுக்கி இறங்கும், அந்தப் பக்கத்துத் தண்டவாளமும் கூடவே தாழும். அதனால் பழைய சரிவைப் படிக்கட்டு போல வெட்டி, ஒவ்வொரு அடுக்காக மண் போட்டு ரோலர் ஓட்டவேண்டும். விருத்தாசலத்தை நெருங்க நெருங்க கரிசல் மண். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் அந்த மண்ணின் மேல் நேரடியாக ஜல்லி போட்டால், வண்டி போகப் போக ஜல்லி மண்ணுக்குள் புதையும், சேறு மேலே வரும். நடுவில் மணலும் சரளையும் கலந்த ஒரு தாங்கு அடுக்கு போடுவது இதைத் தடுக்கத்தான்.

அதற்கு மேல் ஜல்லி. 65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. 40-ல் 40 முதல் 60 சதவீதம் நிற்கவேண்டும். 20-ல் குறைந்தது 98 சதவீதம் நிற்கவேண்டும், அதாவது பொடி கூடாது. பொடி இருந்தால் தண்ணீர் வடியாது, தண்ணீர் நின்றால் சிலீப்பர் ஆடும். சிலீப்பருக்கு அடியில் 250 முதல் 300 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும்.

சிலீப்பர் கான்கிரீட், 2.75 மீட்டர் நீளம், சுமார் 270 கிலோ எடை. கிலோமீட்டருக்கு 1,660 வீதம் வைத்தால் நடுவிலிருந்து நடுவுக்கு 60 சென்டிமீட்டர் வரும். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் பாண்ட்ரால் கிளிப் நான்கு, ரப்பர் பேட் இரண்டு, கிளிப்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வைக்கும் நைலான் லைனர் நான்கு. 138 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மெயின் லைனுக்கு மட்டும் ஏறத்தாழ 2,29,000 சிலீப்பர், 9 லட்சத்துக்கு மேல் கிளிப். கான்கிரீட் சிலீப்பரில் கேஜ் 1,676 அல்ல, 1,673 மில்லிமீட்டர். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவிலுள்ள தளர்வைக் குறைத்து வண்டி பக்கவாட்டில் ஆடாமல் இருக்க அந்த 3 மில்லிமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு கிளிப் 850 முதல் 1,100 கிலோ அழுத்தத்தில் தண்டவாளத்தைப் பிடிக்கவேண்டும். துருப்பிடித்து, சிலீப்பரில் பதித்திருக்கும் இன்சர்ட் என்ற இரும்புப் பிடிக்குள் இறுகிவிட்டால் அது பிடிக்கிறதா இல்லையா என்று கண்ணால் தெரியாது. கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, கிரீஸ் தடவி மாட்டும் வேலையை வருடாவருடம் தட்டாமல் செய்வது இதற்காகத்தான். தண்டவாளத்தின் அடிப்பாகம் லைனருக்குக் கீழே அரித்துப்போவது ஸ்டேஷன் எல்லைக்குள் அதிகம். பெட்டிகளின் கழிவறை பாதையில் திறந்திருந்த காலத்து வினை அது. பயோ டாய்லெட் வந்த பிறகு குறைந்திருக்கிறது.

மாறாத வளைவுகள்

இனி பழைய கோட்டுக்கு வருவோம். மீட்டர் கேஜ் வண்டி சிறியது, மெதுவானது. கூர்மையான வளைவிலும் போகும். 109 மீட்டர் ஆரம் வரை அதற்கு அனுமதி உண்டு. பிராட் கேஜின் எல்லை 175 மீட்டர். எல்லைக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு வளைவு நல்ல வளைவு ஆகிவிடாது. வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்தி வைப்பது சாய்வு; வேகத்துக்கு வேண்டிய சாய்வில் எவ்வளவு குறையலாம் என்பது சாய்வுக் குறை. ஆரத்தை, வளைவில் கொடுத்திருக்கும் சாய்வும் அனுமதிக்கும் சாய்வுக் குறையும் சேர்ந்த தொகையால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.27-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். சாய்வு 100, குறை 75 மில்லிமீட்டர் என்று வைத்தால் 350 மீட்டர் ஆர வளைவில் 65-க்கு மேல் போகமுடியாது. 875 மீட்டர் ஆரமாக இருந்தால் 105 போகலாம்.

அப்படியானால் வளைவை நிமிர்த்திவிடலாமே என்று தோன்றும். பாதை 40 டிகிரி திரும்பும் ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். 350-ஐ 875 ஆக்கினால் வளைவின் நடுப்பகுதி உள்பக்கமாக ஏறத்தாழ 34 மீட்டர் நகரும். வளைவு தொடங்கும் இடம் இரு பக்கமும் 190 மீட்டர் முன்னுக்குப் போகும். ரயில்வே நிலத்தின் எல்லைக்குள் அது அடங்காது. மரவள்ளிக் காட்டையோ பாக்குத் தோப்பையோ வீடுகளையோ கேட்கவேண்டிவரும். கேஜ் மாற்ற வேலையின் மதிப்பீடே ‘இருக்கும் நிலத்தில்’ என்ற கணக்கில்தான் போடப்படும். அதனால் முடிந்த இடத்தில் தளர்த்தி, முடியாத இடத்தில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை நட்டுவிட்டுப் போவார்கள்.

இதற்கு இன்னொரு பின்விளைவும் உண்டு. நீளமாக வெல்டிங் செய்த தண்டவாளத்தை 440 மீட்டருக்குக் குறைந்த ஆர வளைவில் போடக்கூடாது என்று விதி. அங்கே ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையைப் போட்டு போல்ட் முடுக்கிய இணைப்புகள்தான் இருக்கும். சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு வளைவில் மட்டும் ‘டடக் டடக்’ என்று பேசத் தொடங்கினால், அந்த வளைவு கூர்மையானது என்று ஊகிக்கலாம். இணைப்பு இருக்கும் இடத்தில் சக்கரம் அடித்து அடித்துத் தண்டவாள முனை தாழும், அதன் கீழே ஜல்லி பொடியாகும். பாதையைப் பராமரிக்கும் கேங்குக்கு அதிக வேலை வைப்பதும் அந்த இடந்தான்.

ஏப்ரல், மே

வெல்டிங் செய்த பாதையின் எதிரி வெயில். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.0115 மில்லிமீட்டர் நீளும். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் சுதந்திரமாக விட்டால் 34.5 சென்டிமீட்டர் நீளும். கிளிப்பும் ஜல்லியும் பிடித்திருப்பதால் நீளமுடியாது. நீளாத அந்த நீளம் முழுவதும் அழுத்தமாக உள்ளே நிற்கும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் இது டிகிரிக்கு ஏறத்தாழ 1.9 டன்.

அழுத்தம் இல்லாத நிலை எந்த வெப்பத்தில் இருக்கவேண்டும் என்று முன்பே முடிவு செய்வார்கள். ஒரு இடத்தில் தண்டவாளத்தின் அதிக வெப்பம் 65, குறைந்தது 15 என்று வைத்தால் சராசரி 40. 52, 60 கிலோ தண்டவாளங்களுக்கு அந்தச் சராசரிக்கு மேல் 5 முதல் 10 டிகிரிக்குள், அதாவது 45 முதல் 50-க்குள், தண்டவாளத்தைப் பூட்டவேண்டும். டீஸ்ட்ரெஸ்ஸிங் என்ற வேலை இதுதான். லைன் பிளாக் வாங்கி, அதாவது அந்த நேரத்துக்கு வண்டி வராமல் பாதையை மூடி, கிளிப்புகளைக் கழற்றி, தண்டவாளத்தை உருளைகளின் மேல் தூக்கி வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளிறுக்கத்தை விடுவித்து, அந்த வெப்பநிலையில் மறுபடி கிளிப் மாட்டுவது. வெப்பம் போதாவிட்டால் டென்சர் கருவியால் இழுத்து நீட்டிப் பூட்டுவார்கள்.

சேலத்தில் காற்று 40 டிகிரியைத் தொடும் நாளில் வெயிலில் கிடக்கும் தண்டவாளம் இன்னும் சுமார் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறும். 45-ல் பூட்டியது 65-ஐத் தொட்டால் ஒரு தண்டவாளத்தில் 38 டன், இரண்டிலும் சேர்த்து 76 டன் அழுத்தம். பூட்டிய வெப்பத்துக்கு மேல் 20 டிகிரி தாண்டினால் வெயில் ரோந்து தொடங்கவேண்டும் என்பது விதி. அந்த அழுத்தத்தில் பாதை பாம்பு போல வளையாமல் தடுப்பது சிலீப்பரின் இரு முனையிலும் இருக்கும் ஜல்லித் தோள்தான். நேர் பாதையில் 350 மில்லிமீட்டர் அகலம், வளைவின் வெளிப்பக்கம் 500. ஊருக்குள் சேலம் டவுனுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் போல, குறுக்கு வழியாக ஜனங்கள் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் சரிவது இந்தத் தோள். கால்பட்டு நகரும் ஒவ்வொரு கல்லும் மே மாத மத்தியானத்துக்கு வேண்டிய கல். குறுக்கே நடக்கவேண்டாம் என்று சொல்வதற்கு உயிருக்கு அடுத்த காரணம் இது.

பூட்டிய வெப்பத்துக்கு மேல் 10 டிகிரி போய்விட்டால் ஜல்லியைத் தோண்டும் வேலையே கூடாது. கேங் விடியற்காலையில் வேலையைத் தொடங்குவது இதனால்தான். குளிர்காலத்தில் இது தலைகீழ். மார்கழி விடியலில் தண்டவாளம் சுருங்க முயன்று இழுவிசையில் நிற்கும், பழுதான வெல்டிங் அப்போது அறும். தெர்மிட் வெல்டிங்கில் 25 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இல்லாவிட்டாலும், அச்சில் ஈரம் இருந்தாலும், முன்சூடு போதாவிட்டாலும் உள்ளே குமிழி நிற்கும். அல்ட்ராசோனிக் கருவியில் சிக்காமல் தப்பினால், பல மாதம் கழித்து ஒரு குளிர்ந்த காலையில், தினமும் பாதையை நடந்து பார்க்கும் கீமேன் கண்ணில் படும். அவர் உடனே செய்யவேண்டியது வண்டியை நிறுத்துவது. சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டரைத் தண்டவாளத்தில் வைப்பார். பிராட் கேஜில் அறுந்த இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. மீட்டர் கேஜ் காலத்தில் இந்தத் தூரங்கள் 400, 800. அதன் பிறகுதான் அறுந்த இடத்துக்கு வளைந்த ஃபிஷ் பிளேட்டும் கிளாம்ப்பும் போட்டு, வண்டியை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகவிடுவது.

முள்ளுவாடி கேட், அணைமேடு

சேலத்தில் ‘கேட்’ என்பது இடப்பெயர். பாதை போட்டபோது ஊரின் ஓரமாக இருந்தது, ஊர் வளர்ந்து இப்போது நடுவில் கிடக்கிறது. வண்டி வர எவ்வளவோ நேரம் இருக்க இவ்வளவு சீக்கிரம் ஏன் மூடுகிறார்கள் என்று திட்டாதவர் இல்லை. கேட் கீப்பர் கையில் அந்த முடிவு இல்லை. கேட் மூடிப் பூட்டிய பிறகுதான் சிக்னல் விழும். சிக்னலைப் பார்த்து டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் வரவேண்டுமானால், ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலிருக்கும் டிஸ்டன்ட் சிக்னலைப் பார்க்கும்போதே கேட் பூட்டியிருக்கவேண்டும். ஸ்டேஷனை ஒட்டிய கேட் என்றால் எஞ்சின் மாறும் வேலைக்கும் அதே பூட்டு. கேட்டின் குறுக்கே லாரி பாதியில் நின்றுவிட்டால் கட்டை இறங்காது, சிக்னல் கிடைக்காது, வண்டி வெளியே நிற்கும். அடுத்த ஸ்டேஷனில் எதிர்வண்டியும் காத்திருக்கும்.

மேம்பாலத்துக்குத் தகுதி உண்டா என்று பார்க்க ஒரு நாளில் கடக்கும் ரயில்களை, கடக்கும் வாகன அலகுகளால் பெருக்குவார்கள். இருசக்கர வாகனம் கால் அலகு. 25 ரயில், 3,000 பஸ் லாரி கார், 6,000 பைக் என்றால் 25 × 4,500 = 1,12,500. ஒரு லட்சம் தாண்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதி ஏற்கலாம். ஆனால் மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடும் பாதைக்குப் பாலத்தின் அடிமட்டம் தண்டவாளத்திலிருந்து ஆறரை மீட்டர் உயரம் வேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் எட்டு மீட்டருக்கு மேல். 30-க்கு 1 என்ற சரிவில் இறக்கினால் ஒவ்வொரு பக்கமும் 250 மீட்டர். கடைகள் நெருங்கிய தெருவில் அந்த 250 மீட்டரில் யார் கடை வாசல் மறையும் என்பதில்தான் வருடங்கள் கரைகின்றன. தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதி முதலில் முடிந்து, இரு பக்கமும் சாலை இல்லாமல் அந்தரத்தில் நிற்பதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம்.

கிராமப் பக்கம் கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை வந்தது. பிராட் கேஜில் ஆள் இல்லாத கேட்டே கூடாது என்று 2019 ஜனவரிக்குள் நாடு முழுவதும் அகற்றினார்கள். கான்கிரீட் பெட்டிகளை முன்பே வார்த்து, சில மணி நேர பிளாக்கில் பாதையை வெட்டி, கிரேன் வைத்து இறக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். பெட்டி ஒரே நாளில் உட்காரும், தொல்லை அதற்குப் பிறகு. பாதையோரக் கிணற்று நீர்மட்டம் உயர்ந்த நிலத்தில் இது ஒரு குட்டை. நுழைவில் சாலையைச் சற்று மேடாக்கி வெளித்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, சரிவுக்கு மேல் தகரக் கூரை, பெட்டியின் இணைப்புகளை நீர் கசியாமல் அடைப்பது, தாழ்ந்த மூலையில் தொட்டியும் மோட்டாரும் வைப்பது என்று நான்கும் இருந்தால்தான் மழையில் பயன்படும். இதில் முதலாவதை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் வைத்த இடங்களில் மின்சாரம் போனதும் தண்ணீர் நிறைந்துவிடும். தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்கவே கூடாது.

ஒற்றைப் பாதையின் கணக்கு

மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே வண்டியை ஓட்டியது ஒரு இரும்புப் பந்து. நீல்ஸ் டோக்கன் கருவி இரண்டு ஸ்டேஷனிலும் ஜோடியாக இருக்கும். இரண்டிலும் சேர்த்து ஒரே நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். வளையத்தில் கட்டிய பையில் அதை வைத்து, ஓடும் எஞ்சினுக்கு நீட்டுவார்கள். எஞ்சினிலிருந்து பழைய பந்து கீழே விழும். இருட்டில் பந்து புதருக்குள் உருண்டுவிட்டால் தேடி எடுக்கும்வரை கருவி முடங்கும். பேப்பர் லைன் கிளியர் எழுதிக்கொடுத்துத்தான் வண்டியை நகர்த்தவேண்டும். கலர் லைட் சிக்னல் வந்து அந்தப் பந்து போய்விட்டது. ஆனால் ஒரே பாதை என்ற அடிப்படை மாறவில்லை.

எத்தனை வண்டி விடமுடியும் என்பதற்கு எளிய கணக்கு: இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவிலுள்ள பகுதியை பிளாக் என்பார்கள். 12 கிலோமீட்டர் தூரமுள்ள ஒரு பிளாக்கைக் கடக்கச் சரக்கு வண்டிக்கு 18 நிமிடம், சிக்னல் வேலைக்கு 5 நிமிடம். ஒரு நாளின் 1,440 நிமிடத்தை 23-ஆல் வகுத்தால் 62. பராமரிப்புக்கும் தாமதத்துக்கும் போக 70 சதவீதம் எடுத்தால் இரு திசையிலும் சேர்த்து 43. நீளமான பிளாக் எதுவோ அதுதான் முழுப் பாதையின் திறனையும் தீர்மானிக்கும். மற்ற இடங்களில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் பலன் இல்லை. நடுவில் ஒரு கிராசிங் ஸ்டேஷன் சேர்ப்பது பல நேரம் வேகத்தைக் கூட்டுவதைவிட மலிவு. ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப்பாதையான லூப் லைனும் போதிய நீளம் வேண்டும். 58 வேகன் சரக்கு வண்டிக்கு 686 மீட்டர். அது கிடைக்காத ஸ்டேஷனில் சரக்கு வண்டி ஒதுங்கமுடியாது, பயணிகள் வண்டிதான் ஒதுங்கவேண்டும். வண்டியை லூப்புக்குள் திருப்பும் பாயின்ட் 12-க்கு 1 என்ற கோணமானால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், 8.5-க்கு 1 ஆனால் 15. ஆத்தூருக்கு வெளியே வண்டி தவழ்ந்து நுழைந்தால் டிரைவரைக் குறை சொல்லவேண்டாம், பாயின்ட்டின் கோணம் அது.

பாதையோரம் பார்த்தால் மின்கம்பம் ஒவ்வொன்றிலும் 54/12 போல ஒரு எண் இருக்கும். 54-ஆவது கிலோமீட்டரில் 12-ஆவது கம்பம் என்று பொருள். கேட் இல்லாத இடத்தில் பாதையோரம் நடக்கும் விவசாயிக்கும் மாடு மேய்ப்பவருக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். அறுந்த தண்டவாளம், அரித்துப்போன கரை, கம்பியில் தொங்கும் கிளை எதைக் கண்டாலும் பக்கத்து ஸ்டேஷனுக்கோ கேட் கீப்பருக்கோ ரயில்வே உதவி எண் 139-க்கோ சொல்லும்போது ‘வாழப்பாடி தாண்டி ஒரு புளியமரத்துக்கிட்ட’ என்று சொன்னால் தேடவே அரை மணி ஆகும். இரண்டு எண்ணைப் படித்துச் சொன்னால் நேராக அங்கேயே வந்துவிடுவார்கள். அறுந்து தொங்கும் கம்பிக்கு இரண்டு மீட்டருக்குள் மட்டும் போகவேண்டாம். கீழே விழுந்து கிடந்தாலும் அதில் மின்சாரம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.